படத்தில் பதியாத தஞ்சை

1858ஆம் ஆண்டில் கேப்டன் லினேயஸ் டிரைப், சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராகத் தஞ்சையில் படமெடுத்தார். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படம் பிடித்து, 21 படங்களை இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். அரிய உழைப்பு! ஆனால் அவருடைய தஞ்சைப் படங்களில் மக்களைக் காண்பது அரிது. மெழுகிட்ட தாளில் உருப் பதிய நெடுநேரமாகும். அசையாத கல் பதிந்தது. நடமாடிய மனிதர் பதியவில்லை.

மக்களை வரைந்தவர்கள் தஞ்சை ஓவியர்கள். கும்பினி அதிகாரிகளுக்காக அவர்கள் தீட்டிய ஏடுகளில் தொழிலாளர் தத்தம் மனைவியரோடு, கருவி ஏந்திக் காட்சி தருகின்றனர். எனினும் அவை பெரும்பாலும் வாங்குவோருக்காக நிறுத்திவைத்த கோலங்களே என்பது என் கருத்து. ஒரு பருவத்தின் ஓட்டம் அவற்றில் இல்லை.

நாற்றங்கால், நடவு, களையெடுப்பு, கதிர், அறுவடை என்று குறுவை ஏறக்குறைய நான்கு மாதங்களில் முடிந்துவிடும். ஒரே வரப்பில் நின்று வாரம் ஒரு படம் எடுத்தால், பதினாறு பதினேழு படங்களில் அப்பருவம் முழுதும் அடங்கும். மாணவர்களே, இன்று அதற்குக் கைபேசியே போதும். நடவு இயந்திரம் இறங்கிவிட்ட வயல்களில், குனிந்து நடும் பெண்களின் வரிசை அருகி வருகிறது. அவர்களிடம் இசைவு கேட்டுப் படமெடுங்கள். நாளையும் ஊரையும் நெல்லின் பெயரையும் உடனே குறித்துவையுங்கள்.