நாழிகை வழியும் வான்வழியும்: பம்பாய்–திருவனந்தபுரம், 1935

தமிழில் 'நாழிகை வழி' என்றொரு பழைய அளவைச் சொல் உண்டு. ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடங்களில், நடந்து கடக்கும் தொலைவு என்பது அதன் பொருள். ஏறத்தாழ ஒன்றரை மைல். தொலைவைக் காலத்தால் அளந்த இச்சொல், திருவனந்தபுரம் விமான நிலையத்தின் தொடக்க வரலாற்றைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவுகிறது.

கோதவர்ம ராஜாவின் முயற்சியால் 1932இல் உருவான விமானத்தளம் அது. 1935 அக்டோபர் இறுதியில் டாட்டா நிறுவனத்தின் ஃபாக்ஸ் மாத் விமானம் பம்பாயிலிருந்து அங்கு வந்து இறங்கியது. மகாராஜா சித்திரைத் திருநாளுக்கு வைசிராய் வில்லிங்டன் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தும் அதில் வந்தது. நவம்பர் 1 அன்று அதே விமானம் திருவிதாங்கூர் அஞ்சலைச் சுமந்து பம்பாய்க்குத் திரும்பியது. மணி கட்டிய கோலுடன் ஓட்டக்காரர்கள் சுமந்த அஞ்சல், அன்று வானேறியது.

இரு நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 1,250 கி.மீ. ஃபாக்ஸ் மாத் ஒற்றை எஞ்சின் கொண்ட இரட்டைச் சிறகு விமானம். பயணிகள் மூடிய அறையிலும் விமானி அவர்களுக்குப் பின்னே திறந்த இருக்கையிலும் அமர்வர். மணிக்கு 150 கி.மீ. வேகம் எனக் கொண்டால், வானில் கழியும் நேரம் மட்டுமே எட்டு மணிக்கு மேல். கோவாவிலும் கண்ணூரிலும் இறங்கிச் செல்லும் நேரம் தனி.

ஆனால் விமானம் தொலைவைக் குறைத்தது வேகத்தால் மட்டுமன்று. அன்று திருவனந்தபுரத்தில் ரயிலேறியவர் கொல்லம் சென்று, கிழக்கே திரும்பி, மலையைக் கடந்து, செங்கோட்டை வழியாகச் சென்னை மாகாணத்துக்குள் இறங்கிய பின்னரே வடக்கு நோக்கிச் செல்ல முடியும். கொல்லம்–எர்ணாகுளம் பாதை 1958இல்தான் திறக்கப்பட்டது. மங்களூரையும் பம்பாயையும் கடலோரமாக இணைத்த கொங்கண் ரயில்பாதை முழுமை பெற்றது 1998இல். இருப்புப்பாதைக்கு அறுபது ஆண்டுகளுக்கும் முன்னரே விமானம் அக்கடற்கரை வழியைத் திறந்துவிட்டது. அது நேராக்கியது வளைந்து கிடந்த பாதையை.

இந்த நேராக்கம் எல்லோருக்கும் ஒரே அளவில் கிட்டவில்லை என்பதையும் வரலாறு பதிவு செய்யவேண்டும். அதே திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதியான நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979இல். தலைநகரில் விமானம் இறங்கி 44 ஆண்டுகள் கழித்து! 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தது. எனினும் அம்மாவட்ட மக்களுக்கு மிக அருகிலுள்ள விமான நிலையம் இன்றும் திருவனந்தபுரமே.

இன்று திருவனந்தபுரத்திலிருந்து மும்பைக்கு நேரடி விமானத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நாகர்கோவிலிலிருந்து அவ்விமான நிலையத்தை அடைய, சுமார் 70 கி.மீ. சாலைக்கும் ஏறத்தாழ அவ்வளவே நேரம். கிலோமீட்டர்க் கணக்கில் ஒன்று மற்றொன்றைப்போல் பதினேழு மடங்குக்கும் மேல். நாழிகைக் கணக்கில் இரண்டும் ஐந்தே நாழிகை வழி.