நாய் சொன்னதும் எலி சொன்னதும்

1924 ஏப்ரலில் ரயில் பதுளை வரை வந்தது. மலையைச் சுற்றி இறங்கி, தெமோதரை ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழையும் பாதையைப் பார்க்க இன்றும் ஆட்கள் கமெராவோடு வருகிறார்கள். அதே காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குள் வந்த கொழுக்கிப்புழு மருந்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கியே வயது போன எனக்கு அந்தக் கதைதான் பெரிது.

கொழுக்கிப்புழு விரற்கடை நீளம்கூட இராது. குடற்சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். கீழிமையைப் பெருவிரலால் இழுத்துப் பார்த்தால் சிவப்பே தெரியாது, வெளிறிக் கிடக்கும். மலையேற மூச்சு வாங்கும், கொழுந்து நிறை குறையும், அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும். புழு பிடித்த மனுஷியைச் சோம்பேறி என்று ஏசினார்கள். 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் இங்கே வேலை தொடங்கி மலத்தைச் சோதித்தபோது, தோட்டத்தாரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் புழு இருந்தது. மெல்லிய ஓட்டுக்குள் நாலு அறையாகப் பிரிந்து நிற்கும் அதன் முட்டையை நுணுக்குக்காட்டியில் ஒருமுறை பார்த்தவர் பிறகு யாரையும் சோம்பேறி என்று சொல்லமாட்டார்.

புழு உடம்புக்குள் எப்படிப் போகிறது என்பதே ஒரு பிராணியால்தான் தெரியவந்தது. 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர் கினிப்பன்றிகளுக்குப் புழுக்குஞ்சு கலந்த நீரைப் புகட்டிக்கொண்டிருந்தார். ஒரு துளி அவர் கையில் விழுந்து அரித்தது. சில வாரங்களில் அவருடைய மலத்திலேயே முட்டைகள்! தோல் வழியாகப் புகுந்து, நுரையீரல் ஏறி, தொண்டை வழியே குடலுக்கு இறங்கும் அந்தப் பயணத்தைப் பிறகு நாய்க்குட்டிகளில் தடம் பிடித்தார். மலம் கிடக்கும் மலையில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்குக் கக்கூஸ் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. ஆனால் கக்கூஸ் கட்டத் துரைமார் தயங்கினார்கள். மருந்து கொடுப்பது மலிவாக இருந்தது.

தைமோல் கொடுத்தார்கள், பிறகு கெனப்போடியம் எண்ணெய். குடிக்கச் சகிக்காதவை, ஆபத்தும் உண்டு. 1921இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் மிருகப் புழு ஆய்வாளர் மோரிஸ் ஹோல், கார்பன் டெட்ராகுளோரைடை நாய்களுக்குக் கொடுத்தார். வெளியேறிய புழுக்களை எண்ணி, பின்னர் நாயைக் கொன்று குடலைப் பிளந்து மிச்சத்தையும் எண்ணினார். மருந்து எவ்வளவு தூரம் வேலை செய்தது என்பதில் மயக்கத்துக்கு இடமில்லாத கணக்கு. அதன்பின் தானும் ஒரு வேளை விழுங்கிப் பார்த்தார். மறு ஆண்டே மருந்து உலகம் சுற்றியது. பிஜித் தீவுகளில் ஆயிரம் ஆயிரமாய்க் கொடுத்தார்கள். பிலிப்பைன்ஸிலும் இங்கே இலங்கையிலும் தூக்குமேடைக்குக் காத்திருந்த கைதிகளுக்குக் கொடுத்து, தண்டனைக்குப்பின் அவர்களின் ஈரலை அறுத்துப் பார்த்தார்கள். அந்தக் கைதிகளை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

நல்ல மருந்து என்ற பேர் பரவியபின்தான் சில இடங்களில் ஆட்கள் செத்தார்கள். சாராயம் குடித்தவரின் ஈரல் அதைத் தாங்கவில்லை. அரைவயிற்றுக்காரரும் பலவீனரும் தாங்கவில்லை. காரணத்தைத் தேடி மறுபடி நாயிடமே போனார்கள். 1920களின் கடைசியில் ஆன் மினோட் என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளர், வெறும் இறைச்சி தின்ற நாய்கள் அதே மருந்தில் வாடுவதையும், சுண்ணாம்புச் சத்துச் சேர்த்த நாய்கள் பிழைப்பதையும் காட்டினார். ஹோலின் நாய் புழு சாகுமா என்று சரியாகவே சொல்லியது. தோட்ட லயத்தில் சோறும் ரசமுமாக இருப்பவரின் உடம்பைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை. 1925இல் அதே ஹோல் நாய்களில் சோதித்துக் கொண்டுவந்த டெட்ராகுளோரோஎத்திலின்தான் பிறகு பழைய மருந்தின் இடத்தைப் பிடித்தது.

இதற்கு நேரெதிரான கதையும் இந்த நாட்டில்தான் நடந்தது. பின்னாளில் வந்த மெபெண்டசோல் கர்ப்பிணி எலிகளுக்குக் கொடுத்தபோது குட்டிகள் ஊனமாய்ப் பிறந்தன. அதனால் உலகமெங்கும் வைத்தியர்கள் கர்ப்பிணிமாருக்கு அதைக் கொடுக்க அஞ்சினார்கள். இலங்கையோ 1990களில் முதல் மூன்று மாதம் கழிந்தபின் கொடுக்கலாம் என்று துணிந்தது. ரத்தசோகையால் தாய்மார் படும் பாடு அப்படி. அது சரிதானா என்று களனிப் பல்கலைக்கழகத்தின் நிலந்தி டி சில்வா குழுவினர் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பிரசவங்களைக் கணக்கெடுத்து, 1999இல் லான்செட்டில் எழுதினார்கள். மருந்து குடித்த தாய்மாரின் பிள்ளைகளில் ஊனம் 1.8 வீதம், குடிக்காதவர்களில் 1.5. பெரிய வித்தியாசமில்லை. செத்துப் பிறந்தவையும் பிறந்த சில நாளில் இறந்தவையும் சேர்த்துக் குடித்தவர்களில் 1.9 வீதம், குடிக்காதவர்களில் 3.3.

எலியின் எச்சரிக்கையை அவர்கள் தூக்கி எறிந்துவிடவில்லை. முதல் மூன்று மாதத்துக்குள் குடித்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள், அங்கே ஊனம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. ஆகவே அந்த மாதங்களில் மட்டும் மருந்து கிடையாது. கிளினிக்குக்கு வரும் பெண்ணிடம் எத்தனையாவது மாதம் என்று கேட்டபின்தான் நாங்கள் மாத்திரையைக் கையில் கொடுப்போம்.