ஏ.ஏ. கூட்டம்

ஏ.ஏ. கூட்டம்: குடிநோயிலிருந்து மீள விரும்புவோர் குறித்த கிழமையில், குறித்த நேரத்தில் ஒன்றுகூடித் தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பின் பெயர்ச்சுருக்கமே ஏ.ஏ. இதில் சேரக் கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. ஒரே நகரில் பல வகைக் கூட்டங்கள் நடப்பதால், தமக்கு ஏற்றதைக் கண்டறிவது புதியவரின் முதல் வேலையாகிறது.

முன்னோடிகள்

குடிப்பழக்கம் உடையோர் தாமே கூடிக் குடியை விடும் முயற்சி ஏ.ஏ.வுக்கு முன்பே இருந்தது. 1840இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மதுக்கடை ஒன்றில் கூடிய குடிகாரர் அறுவர் வாஷிங்டோனியர் சங்கத்தைத் தொடங்கினர். 1842இல் ஆபிரகாம் லிங்கன் ஸ்பிரிங்ஃபீல்டில் இச்சங்கத்தாரிடையே உரையாற்றினார். மளமளவென வளர்ந்த சங்கம் சில ஆண்டுகளிலேயே கலைந்தது. குடியை விடும் நோக்கத்தை மறந்து அரசியலிலும் சீர்திருத்த வாதங்களிலும் இறங்கியது அதன் வீழ்ச்சிக்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. பின்னாளில் ஏ.ஏ. பொதுப் பிரச்சினைகளில் கருத்துக் கூறுவதில்லை என விதி வகுத்துக்கொண்டது.

தோற்றம்

நியூயார்க்கின் பங்குச்சந்தைத் தொழிலர் பில் வில்சன் 1934 டிசம்பரில் குடியை நிறுத்தினார். 1935 மே மாதம் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குத் தொழில் நிமித்தம் சென்றார். சென்ற காரியம் கைகூடவில்லை. மேஃபிளவர் ஹோட்டல் முகப்பில் நின்றவருக்கு மீண்டும் குடிக்கும் எண்ணம் எழுந்தது. தம்மைப் போன்ற மற்றொரு குடிநோயாளியிடம் பேசினால் தப்பலாம் எனக் கருதி, அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசினார். அவ்வழியே குடிநோயாளியான அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தின் அறிமுகம் கிடைத்தது. கால் மணி நேரம் மட்டும் இருப்பதாகச் சொல்லி வந்த மருத்துவர், இரவு வெகுநேரம்வரை பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் 1935 ஜூன் 10 அமைப்பின் தொடக்கநாளாயிற்று.

தொடக்கக் கூட்டங்கள் ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறித்தவ இயக்கத்தின் நிழலில் வீடுகளில் நடந்தன. ஆக்ரனில் புதன்கிழமையும் புரூக்ளின் கிளின்டன் தெருவில் இருந்த வில்சன் வீட்டில் செவ்வாய்க்கிழமையும் கூடினர்.

பிரிவும் பெருக்கமும்

நியூயார்க் உறுப்பினர் 1937இல் ஆக்ஸ்ஃபோர்டு குழுவிலிருந்து பிரிந்தனர். ஆக்ரனுக்கு வந்து போய்க்கொண்டிருந்த கிளீவ்லாந்து நகரத்தாரில் பலர் கத்தோலிக்கர். அவர்களுக்கு அவ்வியக்கத்தோடு ஒட்டவில்லை. அவர்கள் 1939 மே மாதம் தனிக் கூட்டம் தொடங்கினர். முந்தைய மாதம் வெளிவந்த நூலின் பெயரான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதையே தம் கூட்டத்துக்கும் சூட்டினர். இப்பெயரைத் தாங்கிய முதல் குழு இதுவே. ஆக, ஏற்ற கூட்டம் தேடும் பழக்கம் அமைப்பின் பெயரோடு சேர்ந்தே பிறந்தது எனலாம்.

1941 மார்ச்சில் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் வந்த கட்டுரைக்குப் பின், சுமார் 2,000ஆக இருந்த உறுப்பினர் தொகை அவ்வாண்டு இறுதிக்குள் 8,000ஆக உயர்ந்தது. குழுக்கள் இயங்கும் முறையைச் சொல்லும், 1946இல் வெளியான பன்னிரு மரபுகள், குடியை விடுவதற்காக இருவர் மூவர் கூடினாலே அது குழு எனக் கொள்ள இடமளித்தன. வேறொரு கூட்டம் தொடங்கத் தலைமையகத்தின் அனுமதி தேவைப்படாததால் வகைகள் பெருகின.

வகைகள்

வருவோர் அடிப்படையில் கூட்டம் இருவகைப்படும். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தார், மாணவர் உள்ளிட்ட எவரும் வரலாம். மூடிய கூட்டம் குடிப்பிரச்சினை உடையோருக்கு மட்டும் உரியது.

நடைமுறை அடிப்படையில் அனுபவ உரைக் கூட்டம், கலந்துரையாடல் கூட்டம், குடியிலிருந்து மீள ஏ.ஏ. காட்டும் வழியான பன்னிரு படிகளில் ஒன்றை எடுத்துப் பேசும் படிக் கூட்டம், நூல் வாசிப்புக் கூட்டம் என நால்வகை. உரைக் கூட்டத்தில் ஓரிருவரே பேசுவர்; கூச்சம் உடையோர் பின்வரிசையில் அமர்ந்து கேட்கலாம்.

உறுப்பினர் அடிப்படையில் பெண்கள், இளைஞர், பால்புதுமையர், குறிப்பிட்ட மொழி பேசுவோர் ஆகியோருக்கெனக் கூட்டங்கள் உண்டு. இறைநம்பிக்கை இல்லாதோருக்கான குழு 1975இல் சிகாகோவில் தோன்றியது. படிகளில் கடவுள் பெயர் வருவது சிலருக்குத் தடையாகத் தோன்றினும், அவரவர் உணர்ந்தவாறே கடவுள் எனப் படிகளே கூறுகின்றன.

தேர்வு

ஒரு கூட்டம் ஒத்துவராவிடில் வேறொன்றுக்குச் செல்லலாம். பல கூட்டங்களுக்குச் சென்று பார்த்தபின், மனத்துக்கு இசைந்த ஒன்றைத் தாய்க்குழுவாகக் கொள்வது வழக்கம். வீட்டுக்கோ பணியிடத்துக்கோ அருகில் இருப்பதும், மாலையில் கைக்கு வேலையில்லாத நேரத்தில் நடப்பதும் நன்று. வழிகாட்டும் மூத்த உறுப்பினர் ஸ்பான்ஸர் எனப்படுவார். அவரும் பெரும்பாலும் தாய்க்குழுவிலேயே அமைகிறார். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் நேரக்கூடும் என்பதால் முதலில் மருத்துவரைக் காண வேண்டும்.

இன்றைய நிலை

2020இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளைத் திரட்டி, குடியை முற்றிலும் விடுவதில் ஏ.ஏ. சார்ந்த சிகிச்சைமுறை சிறந்த பயன் தருவதாகக் கண்டது. சென்னை உட்பட இந்திய நகரங்களிலும் கூட்டங்கள் நடக்கின்றன. இணையவழிக் கூட்டங்களும் உண்டு. குடும்பத்தாருக்கான அல்-அனான் (1951), கடவுள் குறிப்பைத் தவிர்க்கும் ஸ்மார்ட் ரிகவரி (1994) முதலியன தனி அமைப்புகள்.