விலங்கு முகமும் வர்க்க முகமும்: கிராண்ட்வில்லின் நகைச்சுவை ஓவியங்கள்

மனித குணங்களை விலங்குருவில் வரைந்து நகைப்பை விளைவித்தோருள் பிரெஞ்சு ஓவியரான கிராண்ட்வில் (1803–1847) முக்கியமானவர். இவரது கலையை வெறும் விநோதக் கற்பனையாகக் கொள்வோர் உளர். அதன் சமூகத் தளத்தை நாம் நோக்குதல் வேண்டும்.

1828–29இல் வெளிவந்த 'இக்கால உருமாற்றங்கள்' என்னும் கல்லச்சோவியத் தொகுதியிலே, சமகால மாந்தர் தம் உடையும் ஒழுக்கமும் மாறாது, விலங்குத் தலையுடன் உலவினர். 1830 யூலைப் புரட்சியை அடுத்து அமைந்த லூயி பிலிப்பின் அரசை நிதிப் பிரபுக்களின் ஆட்சியென மார்க்ஸ் இனங்கண்டார். அவ்வாட்சியைக் கிராண்ட்வில் 'லா கரிகத்யூர்' வார இதழில் வெளிப்படையாகவே எள்ளினார். 1835 செப்டெம்பர்ச் சட்டங்கள் சித்திரங்களுக்கு முன் அனுமதியைக் கட்டாயமாக்கியபின், நூல்களுக்குச் சித்திரம் வரைவதே அவரது முதன்மைப் பணியாயிற்று. லாபொந்தேனின் நீதிக்கதைகளுக்கும் (1838), பல்சாக் முதலியோர் எழுதிய விலங்கு வாழ்க்கைக் காட்சிகளுக்கும் (1840–42) அவர் வரைந்தவை இக்காலத்தன.

எனவே விலங்குமுகம் 1835இன் தணிக்கையால் பிறந்ததன்று. அதன் பின்னும் நிலைத்த வழியே அது. பெயர் சுட்டத்தக்க அமைச்சர் மறைய, பெயரற்ற வகைமாதிரி முன்வருகின்றது. தனியொருவனது குறையன்றி, ஒரு வர்க்கத்தின் நடத்தையே நகைப்புக்குள்ளாகின்றது. இஃது இக்கலையின் பலம்.

ஆயின், ஓநாய் ஓநாயாகவே பிறக்கின்றது. வட்டிக்காரன் அவ்வாறு பிறப்பதில்லை. சமூக உறவுகள் உருவாக்கிய குணத்தை இயற்கை நியதியாகக் காட்டிவிடும் அபாயமும் இங்குண்டு. கிராண்ட்வில்லின் சிறந்த ஓவியங்களில் உடையே அதனைத் தடுக்கின்றது. தலை இயற்கையினது, அங்கியோ சமூகத்தினது. இம்முரண்பாட்டிலேயே அவரது நகைச்சுவை விமர்சனமாகின்றது எனலாம்.