இந்தியாவில் ஸ்விங் இசை

இந்தியாவில் ஸ்விங் இசை என்பது 1930களில் பம்பாய், கல்கத்தா நகரங்களின் பெரிய தங்கும் விடுதிகளில் வேரூன்றி, பின்னர் திரையிசையில் கலந்த மேற்கத்திய நடன இசையைக் குறிக்கும். ஸ்விங் ஜாஸ் இசையின் ஒரு வகை. ஐக்கிய அமெரிக்காவில் டியூக் எலிங்டன், கவுண்ட் பேசி, பென்னி குட்மன் முதலானோரால் இது புகழ்பெற்றது. இதனை வாசிக்கும் பெரிய குழு 'பிக் பேண்ட்' எனப்படும். இதில் பத்துக்கும் மேற்பட்ட கலைஞர்கள் டிரம்பெட், டிராம்போன், சாக்சபோன், தாளக்கருவிகள் எனப் பிரிவுகளாக அமர்ந்து, எழுதப்பட்ட இசைக்குறிப்பின்படி வாசிப்பர். இடையிடையே ஒருவர் மட்டும் தம் கற்பனைக்கேற்ப வாசிப்பதும் உண்டு.

வரலாறு

1935 இல் லியோன் அபே தலைமையிலான ஆப்பிரிக்க அமெரிக்கக் குழு பம்பாய் தாஜ்மகால் விடுதியில் வாசித்தது. பின்னர் கிரிக்கெட் சிமித், டெடி வெதர்போர்டு ஆகியோரும் அங்கு வாசித்தனர். இவ்விசையைக் கற்றுத் தேர்ந்த இந்தியருள் கோவாவைச் சேர்ந்தோர் பலர். கோவாவின் தேவாலயப் பள்ளிகளில் இசைக்குறிப்பு கற்றிருந்தது அவர்களுக்கு உதவியது. இவர்களுள் குறிப்பிடத்தக்கவர் 'சிக் சாக்லேட்' என அறியப்பட்ட அந்தோனியோ சேவியர் வாஸ் (1916–1967). டிரம்பெட் கலைஞரான இவர் இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங் எனப் போற்றப்பட்டார்.

திரையிசையில்

விடுதலைக்குப் பின் ஆங்கிலேயர் வெளியேறியதாலும், 1949 ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தாலும் விடுதிகளில் வாய்ப்புகள் குறைந்தன. கலைஞர்கள் பலர் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களை நாடினர். சி. இராம்சந்திரா இசையமைத்த 'அல்பேலா' (1951) இந்தித் திரைப்படத்தில் சிக் சாக்லேட்டின் பங்கு பெரிது. செபாஸ்டியன் டிசோசா, சங்கர்–ஜெய்கிசன் இரட்டையரின் பாடல்களுக்கு வாத்தியக் கோவை அமைத்தார். ஆயினும் இத்தகையோரின் பெயர்கள் பெரும்பாலும் இசைத்தட்டுகளில் இடம்பெறவில்லை.

இந்தித் திரை மெட்டுகள் தமிழுக்கும் வந்தன. சேலம் மாடர்ன் தியேட்டர்சின் 'வல்லவனுக்கு வல்லவன்' (1965) முதலிய படங்களுக்கு இசையமைத்த வேதா, அத்தகைய மெட்டுகளைத் தமிழில் கையாண்டார்.

மீட்டெடுப்பு

1989 இல் கலிபோர்னியாவில் தோன்றிய 'பிக் பேட் வூடூ டாடி' போன்ற குழுக்கள் அமெரிக்காவில் ஸ்விங் இசையை மீண்டும் பரப்பின. இந்தியாவில் இப்பணியை எழுத்தும் திரைப்படமுமே பெரிதும் செய்தன. நரேஷ் பெர்னாண்டசின் 'தாஜ்மகால் பாக்ஸ்டிராட்' என்னும் நூல் மறக்கப்பட்ட கலைஞர்களின் வரலாற்றைத் தொகுத்தது. கிறிஸ் பெர்ரி, லோர்னா ஆகியோரின் கொங்கணிப் பாடல்களைப் போற்றும் 'நாச்சோம்-யா கும்பாசார்' சிறந்த கொங்கணித் திரைப்படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. 'பாம்பே வெல்வெட்' (2015) இந்தித் திரைப்படத்திற்கு அமித் திரிவேதி அக்கால ஜாஸ் பாணியில் இசையமைத்தார்.