உயர்திறன் ஸ்போர்ட்ஸ் கார்களின் மறுவிற்பனை விலை வரலாறு

உயர்திறன் ஸ்போர்ட்ஸ் கார்களின் மறுவிற்பனை விலை என்பது, வேகத்தையும் ஓட்டும் திறனையும் முதன்மையாகக் கொண்டு குறைந்த எண்ணிக்கையில் கட்டப்பட்ட கார்கள், முதல் உரிமையாளரின் கையை விட்டு நீங்கியபின் ஏலங்களிலும் வணிகர்களிடமும் தனிப்பட்ட பேரங்களிலும் பெறும் விலையைக் குறிக்கும். எல்லாக் கார்களையும் போலவே இவற்றில் பெரும்பாலானவையும் முதல் சில ஆண்டுகளில் கடுமையான தேய்மானத்துக்கு, அதாவது பயன்பாட்டாலும் காலத்தாலும் நேரும் மதிப்பிழப்புக்கு, உள்ளாகின்றன. ஆனால் ஒரு சிறு பிரிவு மட்டும் ஓர் அடிமட்டத்தைத் தொட்டபின் திரும்பி ஏறி, புதிதாக விற்கப்பட்ட விலையைப் பல மடங்கு கடந்துவிடுகிறது. காரின் வேகமே இந்த ஏற்றத்துக்குக் காரணம் என்ற பரவலான கருத்துக்கு வரலாற்றில் ஆதரவு குறைவு. கட்டப்பட்ட எண்ணிக்கை, கடனுக்கான வட்டி, அரசு விதிகள், வாங்குவோரின் தலைமுறை ஆகியவையே விலையை முதன்மையாக நிர்ணயித்திருக்கின்றன.

இவ்வரலாற்றின் அளவுகோலாகக் கருதப்படுவது, இத்தாலியின் ஃபெராரி நிறுவனம் 1962 முதல் 1964 வரை கட்டிய 250 ஜிடிஓ ஆகும். ஒரு பந்தயப் பிரிவில் கலந்துகொள்ள அந்த வகைக் கார் போதிய எண்ணிக்கையில் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று பந்தய அமைப்பு விதிக்கும் தகுதிச் சான்றுக்கு ஹோமோலோகேஷன் என்று பெயர். அதன் இத்தாலிய வடிவமே ஜிடிஓ என்பதிலுள்ள ‘ஓ’ எழுத்தில் அடங்கியிருக்கிறது. 250 ஜிடிஓ 36 மட்டுமே கட்டப்பட்டது; அமெரிக்காவில் அதன் விலை ஏறக்குறைய 18,000 டாலர். பந்தயக் கார் ஒன்று புதிய வடிவமைப்புகளிடம் தோற்கத் தொடங்கிய அன்றே வெறும் பழைய இயந்திரமாகிவிடும் என்பதால், அறுபதுகளின் பிற்பகுதியில் இவை சில ஆயிரம் டாலருக்குக் கைமாறின. இவற்றுள் ஒன்று டெக்சஸ் மாநிலத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றின் வாகனப் பழுதுபார்ப்பு வகுப்புக்கு நன்கொடையாகத் தரப்பட்டு, 1972-இல் 6,500 டாலருக்கு விற்கப்பட்டு, அதன்பின் பல ஆண்டுகள் திறந்தவெளியில் இழுவண்டியின் மேல் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. அந்த விற்பனைக்குப்பின் இருபது ஆண்டுகளுக்குள் இந்த வகைக் கார் ஒரு கோடி டாலருக்கும் மேல் விலைபோயிற்று. இடைப்பட்ட காலத்தில் காரில் எதுவும் மேம்படவில்லை, அதைப் பார்த்த கண்களே மாறியிருந்தன. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி பெரிய எஞ்சின்களை மேலும் வேண்டாப் பொருளாக்கியிருந்ததையும் முந்தைய மலிவுக்கான காரணங்களோடு சேர்த்து எண்ண வேண்டும்.

முதல் பெரும் விலை வீக்கம் 1980-களின் இறுதியில் தோன்றியது. 1987 அக்டோபரில் பங்குச் சந்தைகள் சரிந்தபோது கைப்பொருளின் மேல் நம்பிக்கை திரும்பியது. ஜப்பானில் கடன் மலிவாகக் கிடைத்தது. 1988 ஆகஸ்டில் நிறுவனர் என்சோ ஃபெராரி காலமானார். இம்மூன்றும் சேர்ந்து ஃபெராரி கார்களை வாகனம் என்ற நிலையிலிருந்து முதலீட்டுப் பொருள் என்ற நிலைக்கு உயர்த்தின. 1989-இல் ஒரு 250 ஜிடிஓ ஜப்பானுக்கு 1.3 கோடி டாலருக்கும் மேலான விலைக்குப் போனது. 1987-இல் அறிமுகமான ஃபெராரி எஃப்40 பிரிட்டனில் ஏறக்குறைய 1.93 லட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டபோதிலும், பந்தய ஓட்டுநர் நைஜல் மான்செல் தம்மிடமிருந்த ஒன்றை 1990-இல் 10 லட்சம் பவுண்டுக்கு விற்றார். வாங்கியவரின் நோக்கில் பார்த்தால் அது உச்சியின் கடைசிப் படி. ஜப்பானிய மத்திய வங்கி 1989 மே மாதம் 2.5 விழுக்காடாக இருந்த தள்ளுபடி விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை, 1990 ஆகஸ்டுக்குள் 6 விழுக்காட்டுக்கு உயர்த்தியதும், கடன் வாங்கிக் கார் வாங்கியோர் ஒரே நேரத்தில் விற்க முனைந்தனர். 1994 வாக்கில் 250 ஜிடிஓ 30 லட்சம் டாலரை ஒட்டிய விலைக்கு இறங்கியிருந்தது.

இச்சரிவின் நேரடிப் பலியாக ஜாகுவார் எக்ஸ்ஜே220 குறிப்பிடத்தக்கது. 1988-இல் பர்மிங்காம் கண்காட்சியில் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினுடன் காட்டப்பட்ட இக்காருக்கு, 50,000 பவுண்டு முன்பணம் கட்ட ஏராளமானோர் முன்வந்தனர். பலரும் காரை ஓட்ட எண்ணியவர்கள் அல்லர். பதிவு உரிமையை இலாபத்துக்குக் கைமாற்ற எண்ணியவர்கள். 1992-இல் உற்பத்தி தொடங்கியபோது எஞ்சின் ஆறு சிலிண்டராகக் குறைந்திருந்தது, பணவீக்கத்தோடு இணைக்கப்பட்ட விலையோ 4.7 லட்சம் பவுண்டை எட்டியிருந்தது, சந்தையும் கவிழ்ந்திருந்தது. முன்பணம் கட்டியோர் சிலர் ஒப்பந்தத்திலிருந்து விடுபட நீதிமன்றத்தை நாடினர். 280-ஐ ஒட்டிய எண்ணிக்கையோடு 1994-இல் உற்பத்தி நின்றது; எஞ்சிய கார்கள் பல ஆண்டுகள் அறிவித்த விலையைவிட வெகு குறைவாக விற்கப்பட்டன.

அதே மந்தநிலையில் பிறந்த மெக்லாரன் எஃப்1-இன் கதை வேறு திசையில் சென்றது. 5.4 லட்சம் பவுண்டுக்கு வாங்குவோர் அரிதாக இருந்ததால், 1998 வரை பந்தய வடிவங்களும் மாதிரிகளும் உட்பட 106 மட்டுமே கட்டப்பட்டன. விற்பனைத் தோல்வியே பின்னாளில் அதன் அருமையாயிற்று. நகைச்சுவை நடிகர் ரோவன் அட்கின்சன் 1997-இல் புதிதாக வாங்கி, இருமுறை விபத்துக்குள்ளாக்கி, 9 லட்சம் பவுண்டுக்கும் மேலான காப்பீட்டுச் செலவில் பழுது நீக்கப்பட்ட காரை 2015-இல் ஏறக்குறைய 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார். அது 40,000 மைலுக்கு மேல் ஓடியிருந்தது. ஏறக்குறைய 390 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய மற்றோர் எஃப்1, 2021-இல் கலிஃபோர்னியாவின் பெப்பிள் பீச் ஏலத்தில் 2.05 கோடி டாலரை ஒட்டிய விலை பெற்றது. ஓடாமல் வைத்திருந்ததற்காகச் சந்தை இவ்வளவு கூடுதல் விலை தருவது, ஓட்டுவதற்கென்றே கட்டப்பட்ட பொருளின் நோக்கத்துக்கு எதிரானது என்பதை இத்துறையின் எழுத்துகள் போதிய அளவு வற்புறுத்தியதில்லை.

விலை உயர உயர ஆவணங்களின் மதிப்பும் உயர்ந்தது. சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்திருக்கின்றனவா என்ற ‘எண் பொருத்தம்’ விலையைத் தீர்மானிக்கும் முதல் கேள்வியாயிற்று. தன் பழைய கார்களைச் சோதித்துச் சான்றளிக்கும் கிளாசிக்கே என்ற பிரிவை ஃபெராரி தொடங்கியதன் பின்னணியும் இதுவே. 2008-இன் நிதி நெருக்கடிக்குப்பின் மேலைநாட்டு மத்திய வங்கிகள் வட்டியைச் சுழியத்தை ஒட்டி வைத்திருந்தமையால், வங்கியில் கிடக்கும் பணத்துக்கு வருவாய் இல்லாமல் போயிற்று. பிரிட்டனில் கார்கள் காலத்தால் தேயும் சொத்தாகக் கருதப்பட்டு மூலதன ஆதாய வரியிலிருந்து விலக்குப் பெற்றிருப்பதும் வாங்குவோருக்குத் துணைநின்றது. 2014-இல் ஒரு 250 ஜிடிஓ பொது ஏலத்தில் 3.81 கோடி டாலரும், 2018-இல் வேறொன்று 4.84 கோடி டாலரும் பெற்றன. அதே ஆண்டு தனிப்பட்ட விற்பனை ஒன்று 7 கோடி டாலரை ஒட்டியதாகச் செய்தி வெளியாயிற்று.

தயாரிப்பாளர்களும் மறுவிற்பனையைக் கட்டுப்படுத்த முயன்றனர். ஃபோர்டு நிறுவனம் 2017-ஆம் ஆண்டு முதல் வழங்கிய ஜிடி காரை இரண்டு ஆண்டுகள் விற்கக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டது. அதை மீறியதாக மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா மேல் தொடுத்த வழக்கு 2018-இல் சமரசத்தில் முடிந்தது. போர்ஷேயின் அனுபவம் இதைவிடப் பாடம் நிறைந்தது. 2016-இல் அது 991 மட்டும் கட்டிய 911 ஆர் கார், கையால் மாற்றும் கியர் கொண்டிருந்தமையால் சில மாதங்களிலேயே புதிய விலையின் இரு மடங்குக்கும் மேலே சென்றது. மறு ஆண்டு அதே குணங்களோடு எண்ணிக்கை வரம்பற்ற ஜிடி3 டூரிங் வந்ததும் அவ்விலை வேகமாக இறங்கியது. அருமை என்பது தயாரிப்பாளர் காக்கும் வாக்குறுதியாக இருக்கும்வரையே விலைக்கு அடித்தளமாகிறது. அடுத்தடுத்துப் புதிய வடிவங்களை வெளியிட்ட மெக்லாரனின் பிற்காலக் கார்கள், குறிப்பாக 2011-இல் வந்த எம்பி4-12சி, சில ஆண்டுகளுக்குள் பாதிக்கும் கீழான விலைக்கு வந்ததன் காரணமும் ஏறத்தாழ இதுவே. உத்தரவாதக் காலம் முடிந்தபின் வரும் பழுதுச் செலவு பற்றிய அச்சமும் அதனோடு சேர்ந்தது. கையால் மாற்றும் கியரைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கைவிட்டபின், ஃபெராரி எஃப்430 போன்ற கார்களில் அந்தக் கியர் உள்ளவை அது இல்லாதவற்றைவிட மிக அதிக விலை பெறுவதும் அருமையின் விளைவே.

ஒரு விதிமுறை தனியொரு சந்தையையே உருவாக்கிய நிகழ்வும் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி, உள்நாட்டுத் தரவிதிகளுக்கு ஒவ்வாத வெளிநாட்டுக் கார், தயாரித்து 25 ஆண்டுகள் கடந்தபின்னரே தடையின்றி இறக்குமதியாகலாம். இதனால் 1989-இல் தயாரான நிசான் ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆர் 2014-இலும், 1999-இன் ஆர்34 2024-இலும் அந்நாட்டின் வாங்குவோருக்குத் திறந்தன. ஒவ்வொரு கெடுவும் நெருங்கும்போது ஜப்பானில் இக்கார்களின் விலை முன்கூட்டியே ஏறியது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சிறுவராய் இருந்து, இக்கார்களைத் திரைப்படத்திலும் விளையாட்டுகளிலும் கண்டவர்கள் வாங்கும் வசதியை எட்டியது இதற்குப் பின்னாலுள்ள விசை. நடிகர் பால் வாக்கர் ஓட்டிய ஆர்34 ஒன்று 2023-இல் 13 லட்சம் டாலருக்கும் மேல் பெற்றது.

பெருந்தொற்றுக் காலத்தில் சில்லுத் தட்டுப்பாட்டால் புதிய கார்கள் தாமதமானதும், கையிருப்புப் பணம் பெருகியதும் சேர்ந்து 2021-இலும் 2022-இலும் விலைகளை உச்சத்துக்குக் கொண்டுசென்றன. வட்டி ஏறியதும் ஏற்றம் நின்றது. 2023 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில், 6 கோடி டாலருக்கு மேல் எதிர்பார்க்கப்பட்ட ஒரு ஜிடிஓ 5.17 கோடி டாலரோடு நின்றது. மின்சார உயர்திறன் கார்கள் இவ்வரலாற்றில் இன்னும் இடம்பெறவில்லை. போர்ஷே டைகான் போன்றவை பெட்ரோல் கார்களைவிட வேகமாக மதிப்பிழக்கின்றன. மின்கலத்தின் ஆயுள் பற்றிய ஐயமும், ஒவ்வோர் ஆண்டும் மேம்படும் தொழில்நுட்பமும் முந்தைய ஆண்டுக் காரை உடனே பழையதாக்கிவிடுகின்றன.