பெயர் சுட்டிய அகம்: கல்கி, சாண்டில்யன் வரலாற்றுப் புதினங்களில் காதலும் சிருங்காரமும்

அன்பின் ஐந்திணையில் ஒருவரின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் வகுத்த வரம்பு. நெடுநல்வாடையில் அரசியின் தனிமைத் துயரே மிகுதியாகப் பேசப்படினும், பாசறை வேலில் கட்டிய வேம்பு பாண்டியனை அடையாளம் காட்டிவிடுகிறது என்பதால் நச்சினார்க்கினியர் அதனைப் புறம் என்றார். வரலாற்றுப் புதினமோ இவ்வரம்பை மீறியே பிறக்கிறது. கல்வெட்டிலும் செப்பேட்டிலும் பெயர் பொறிக்கப்பட்ட அரசனையும் அரசியையும் எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு ஓர் அகவாழ்வைக் கற்பிக்கிறது. அந்த அகத்தின் கதவை எவ்வளவு திறப்பது என்ற வினாவுக்குச் சென்னை வார இதழ்களில் எழுதிய கல்கியும் சாண்டில்யனும் வெவ்வேறு விடை கண்டனர். இருவர் நூல்களையும் தியாகராய நகர் தீனதயாளு தெருவின் வானதி பதிப்பகமே வெளியிட்டுவந்தது. எனினும் கல்கி கண்ணியமானவர், சாண்டில்யன் வருணனையில் வரம்பு கடந்தவர் என்ற வாய்பாட்டைத் தாண்டி ஆய்வுகள் அதிகம் சென்றதில்லை. அவ்வாய்பாடு போதாது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முனைகிறது.

கல்வெட்டுக் காதலும் கற்பனைக் காதலும்

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தது. அதில் குந்தவை, வந்தியத்தேவன் காதலுக்கு வரலாற்றுச் சான்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு இராசராசனின் தமக்கையான குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகவே குறிக்கிறது. ஆயினும் இக்காதலே புதினத்தில் மெய்ப்பாடு மிகக் குறைந்ததாக, பார்வையும் ஓலையும் சொற்சாதுரியமுமாக நடக்கிறது. சான்றுள்ள திருமணத்தைக்கூடக் கல்கி காட்சிப்படுத்தவில்லை. உடல் வசீகரத்தின் முழுப் பாரத்தையும் சுமப்பவள் கல்வெட்டில் இல்லாத நந்தினி. ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிய உடையார்குடிக் கல்வெட்டு இரவிதாசன் முதலானோரைத் துரோகிகள் என்கிறது. அவர்களுடைய உறவினரின் நிலம் பற்றிப் பேசும் அச்சாசனத்தில் பெண் எவளும் கொலைக்குக் காரணமாகச் சுட்டப்படவில்லை. அந்த இடைவெளியில்தான் நந்தினி நுழைகிறாள். பெயர் உள்ளவர்களுக்குக் காதல், பெயர் இல்லாதவளுக்குக் காமம் என்ற இப்பங்கீடு தற்செயலானதாகத் தோன்றவில்லை. பழைய அகமரபின் அச்சம் வேறு வடிவில் தொடர்கிறது எனலாம். இதில் ஒரு குறையும் உண்டு: வசீகரம் என்பதே சதியின் கருவியாகிவிடுகிறது.

சிவகாமியும் அடையாற்று மேடையும்

'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை வந்தது. அதன் நாயகி ஆடல் மகள் என்பதால் அக்காலச் சூழலோடு சேர்த்தே இதனை வாசித்தல் வேண்டும். 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையின் வைரவிழாவில் ருக்மிணி தேவி ஆடினார். 1936இல் கலாக்ஷேத்திரா தோன்றியது. சதிராட்டத்தின் சிருங்காரத்தைத் தணித்துப் பக்தியை முன்னிறுத்தும் போக்கு அங்கு வலுப்பெற்றது. சிருங்காரமே பரதத்தின் தலையாய சுவை என்று எதிர்நிலையில் நின்ற பாலசரசுவதி, 1975இல் தமிழிசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரை வரையில் அதனை வாதிட்டார். கல்கியோ நாவலாசிரியர் மட்டுமல்லர், 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் இசையையும் ஆடலையும் விமர்சித்தவர். இவ்விவாதம் அவர் அறியாததன்று.

புதினத்தில் சிவகாமியின் ஆசை நரசிம்மவர்மனின் தழுவலில் முடிவதில்லை. வாதாபியில் அது சபதமாக இறுகுகிறது. பாண்டிய இளவரசியை மன்னன் மணந்துவிட்டதை அறிந்தபின் ஏகாம்பரநாதரையே நாயகனாக ஏற்பதில் அமைதி காண்கிறது. தலைவன் மீது மையல் கொண்டு தன்னை மறக்கும் பெண்ணைப் பாடும் அப்பரின் தாண்டகம் இம்முடிவுக்கு உரம் தருகிறது. கல்கி காமத்தை அழிக்கவில்லை. பக்தி அகமாக இடம் மாற்றினார். ஆனால் இங்கு ஒரு முரண் இருக்கிறது. கோயிலுக்குப் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் 1947இல் நிறைவேறியது. அதற்கு ஓராண்டு முன்னர், இறைவன் சந்நிதியில் தாலி ஏற்று ஆடும் பெண்ணைக் கண்டு வாசகர்கள் உருகினர். சட்டம் விலக்க இருந்த சடங்கையே புதினம் தியாகமாக உயர்த்தியது. சமகாலத்தில் ஏற்கப்படாததை ஏழாம் நூற்றாண்டின் போர்வையில் ஏற்கச் செய்தமை வரலாற்றுப் புதினத்தின் வலிமை. அது எவர் வாழ்வை மறைத்தது என்பது தனியே ஆராயத்தக்கது.

பரணி வழி

சாண்டில்யன் எழுதிய 'குமுதம்' வேறு வகை இதழ். 1960களில் அவ்விதழில் வந்த 'கடல் புறா'வின் நாயகன் கருணாகரத் தொண்டைமான், கலிங்கத்துப்பரணியில் முதற்குலோத்துங்கனின் படைத்தலைவன். பாலூர்ப் பெருந்துறையில் தொடங்கும் கதையில் அவனுக்குக் காஞ்சனாதேவி, மஞ்சளழகி என இரு கற்பனை நாயகியர். அவர்களைச் சந்திக்கும் இடங்களில் அவயவ வருணனை நீள்கிறது. இதுவே அவர்மீது சாட்டப்படும் குற்றம். ஆனால் அந்த நாயகனைத் தந்த பரணியே போரைப் பாடுமுன் கடைதிறப்பில் ஊடிய மகளிரை விளித்துச் சிருங்காரத்தைத் தயக்கமின்றிப் பாடுகிறது. வீரமும் காமமும் ஒரே நூலில் அடுத்தடுத்து நிற்பதைச் சயங்கொண்டார் இழுக்காகக் கருதவில்லை. சாண்டில்யனின் முன்மாதிரியை மேலை நாட்டுச் சாகசக் கதைகளில் மட்டும் தேடுவோர் இதனைக் கவனிப்பதில்லை.

வருணனை நீண்டாலும் நிகழ்ச்சி முற்றுப்பெறுவதில்லை என்பதும் நோக்கத்தக்கது. நெருக்கம் உச்சமடையும் இடத்தில் காலடியோசை கேட்கும், அல்லது தூதன் வருவான், அல்லது அத்தியாயம் முடியும். வீட்டில் பலர் கைமாறிப் படிக்கும் வார இதழுக்கு இந்த இடையீடு வரம்பாகவும் இருந்தது, அடுத்த வாரத்துக்கான தூண்டிலாகவும் இருந்தது. கல்கி பொருளை இடம் மாற்றினார் என்றால் சாண்டில்யன் காலத்தைத் தள்ளிப்போட்டார். ஆனால் அவருடைய காட்சிகளில் பார்ப்பவன் பெரும்பாலும் ஆண், பார்க்கப்படுபவள் பெண். கடைதிறப்பிலோ கதவு மகளிர் கையில் இருக்கிறது. புலவர் வெளியே நின்று அதனைத் திறக்குமாறு வேண்டுகிறார்.